மஞ்சள் இல்லாத டி.வி.

தொண்ணூறுகளில் தலைச்சோலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கலர் டி.வி. வந்தது. அங்கே மணி அடிப்பதும் கூட்டுவதும் என் வேலை. டி.வி.யை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஒரு சாவியைத் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டார். இன்னொன்றை என்னிடம் கொடுத்தார்.

"கண்ணாடியில ஒரு கை பட்டுச்சுன்னா, டி.வி.ய மறுநாளே மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி உட்டுருவேன்" என்று பிள்ளைகளை மிரட்டினார். பிரம்பைவிட இதற்குத்தான் அவர்கள் பயந்தார்கள். விளக்குமாற்றோடு வாசலில் நின்றே படம் பார்த்துவந்த எனக்கும் பயம்தான்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பு டீச்சர், திரையில் இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே நிறம் என்றார்.

"அப்ப டி.வி.யில வர்ற அந்தம்மா மஞ்சச் சேலை கட்டியிருக்குதுங்களே?"

"செவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் கலந்தா மஞ்சள், கண்ணு."

யாரும் நம்பவில்லை. சாயத்தைக் கலந்து பார்த்தார்கள். எருமைச் சாணி நிறம் வந்தது. "டீச்சர், இதையா கட்டியிருக்குது?" சாயம் வேறு, வெளிச்சம் வேறு என்று டீச்சர் சொன்னது சிரிப்பில் முழுகிப்போனது.

அது மூடுபனிக் காலம். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரைக்கு நேராகத் தும்மினாள். துடைக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு கத்தினாள். "டீச்சர், துளிக்குள்ள புள்ளி புள்ளியாத் தெரியுதுங்க! சேலையில மஞ்சளே இல்லீங்க, செவப்பும் பச்சையுந்தானுங்க!"

அந்த நொடியே வகுப்பு முழுவதற்கும் சளி பிடித்தது. வரிசையில் நின்று தும்மினார்கள். தும்மல் வராதவன் என் விளக்குமாற்றில் ஈர்க்குச்சி உருவி மூக்கில் விட்டுக்கொண்டான். "கொஞ்சம் தள்ளு சாமி, எனக்கும் சளிதான்" என்று டீச்சரும் குனிந்தார்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

"யாருய்யா துப்புனது?" என்னைத்தான் கேட்டார். நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

"துப்புலீங்க சார், தும்முனோமுங்க. கை படவே இல்லீங்க" என்றாள் அந்தப் பெண்.

"இன்னிக்கே மஞ்சக்குட்டைக்கு ஏத்தறேன்!"

"பாவமுங்க சார் அவங்க. ஊரு பேருலயே மஞ்சள் இருக்குது, இதுல மஞ்சளே இல்லீங்களே!"

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "ஏய்யா, நெசமாவே மஞ்சளைக் காணோமே. எப்படி?" அதையும் என்னிடம்தான் கேட்டார்.

டி.வி. போய்விடுமே என்ற பயத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "காப்பிப் பழம் மாதிரிங்க சார். பச்சைக்கும் செவப்புக்கும் நடுவுல மஞ்சளாத்தானே நிக்குதுங்க."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சொந்தமாகக் காப்பித் தோட்டம் வைத்திருந்த தலைமையாசிரியரோ, "அது சரி" என்று தலையாட்டினார். "தொடைச்சுப் பூட்டு."

டி.வி. தங்கியது. பிள்ளைகள் தலையில் காப்பிப் பழமும் தங்கிவிட்டது. "அதைப் பறிச்சுப் போடறதுக்குள்ள நான் படற பாடு நொம்பங்க அண்ணா" என்று டீச்சர் வெகுநாள் என்னிடம் நொந்துகொண்டார்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். துடைத்து வைத்த கண்ணாடியில் புதுத் துளிகள் காய்ந்திருந்தன. என் சாவி இரவெல்லாம் என் இடுப்பில்தான் இருந்தது. எனக்குச் சளியும் இல்லை.