பதிவிடுவதற்கு முன் என்னைத் திட்டியவர்

பள்ளிபாளையம் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணியின் தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. தறித் தொழிலாளர்கள் ஏழைகளாக இருக்கச் சோம்பல்தான் காரணம் என்று முகநூலில் எவரோ எழுதியிருந்தாராம். அந்த ஆளுக்கு இந்தப் பெண்மணி கைபேசியில் பதில் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, கொஞ்ச நேரம் நீங்க அந்தாளா இருங்க" என்றவர், என் கண்ணைப் பார்த்து, "உக்காந்து தின்னு கொழுத்த நாயே!" என்றார்.

என் முகம் சுண்டிவிட்டது.

"சுருக்குன்னு இருக்குதுங்களா? அப்ப இது வேண்டாமுங்க. எதையும் இப்பிடி ஒருத்தருகிட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தானுங்க போடுவேன்."

அழித்துவிட்டு, வேறொன்று தட்டி, அதையும் என் முகத்துக்கு நேராகவே வாசித்தார்.

"எங்க தறியில வந்து ஒரு ஷிப்டு நில்லுங்க. அப்பறம் சோம்பல்னு சொல்லுங்க."

அதைப் பதிவிட்டுவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனார். அந்த ஆள் என்ன பதில் எழுதினாரோ தெரியாது. சிறிது நேரம் அவராக இருந்த எனக்கு, ஒரு ஷிப்டு போய் நின்று பார்க்கலாம் என்றுதான் தோன்றியது.