விரல்களை ஸ்கேன் செய்த அம்மையார்

2009 மார்ச் 12, வியாழக்கிழமை, காலை 9.20
றக்வான

டொக்டர் ஞானமணி அம்மையார் பற்றி

நினைவு மலர்க் குழுவினருக்கு,

அம்மையார் காலமான செய்தி கடந்த திங்கட்கிழமை தொலைபேசியில் வந்தது. கலவானத் தோட்டமொன்றில் பிறந்து, இரத்தினபுரியில் மூட்டுவாத நோயாளரைக் கவனித்துவந்த அவரை அறியாதோருக்காக ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

2007 ஜூனில், எங்கள் றக்வானத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி, அம்மையார் கொடுத்த மூட்டுவாத மருந்தை நிறுத்திவிட்டார். குளிசை குமட்டியது, எக்ஸ்ரேயிலோ குறையொன்றும் தெரியவில்லை. விரல் கணுக்கள் மட்டும் காலையில் மடங்க மறுத்தன. தோட்ட அலுவலகத்தின் பெரிய கிளாக்கர் என்ற முறையில் நான் அவரை அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன். அம்மையார் ஸ்கேன் என்றதும் மாரியாயி எழுந்துவிட்டார்.

"அது புள்ளத்தாச்சிக்குப் புடிக்கிறதுங்க! தாலியறுத்தவ ஸ்கேனுக்குப் போனான்னா லயத்துச் சனமே சிரிக்கும்."

"கைக்குத்தானே, மாரியாயி. சிரிக்கிறவங்கள எங்கிட்ட அனுப்புங்க, அவங்க வாய ஸ்கேன் பண்றேன்" என்றார் அம்மையார்.

மாரியாயி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அம்மையார் ஸ்கேனுக்கான கூழைத் தமது உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கணுக்களில் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார். சாம்பல் நிறத் திரையில் சிவப்புப் புள்ளிகள் மினுங்கின.

"ரத்தமாங்க?"

"ஆமா. மூட்டுச் சவ்வு வீங்கியிருக்கு, அங்க ரத்தம் கூடுதலா ஓடுது. எலும்பு இன்னும் நல்லா இருக்கு, அதனாலதான் எக்ஸ்ரேயில தெரியல. மருந்த விட்டீங்கன்னா எலும்பையும் அரிச்சிரும். அப்புறம் வெரலு நிமிராதுங்க."

மாரியாயி திரையையும் தம் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "வெரலு போனா எம்பொழப்பும் போச்சே. எழுதுங்க டொக்டரம்மா. கொமட்டுனா கொமட்டட்டும்."

"கொமட்ட விடமாட்டேன். அதுக்கும் மருந்து இருக்கு" என்று அம்மையார் வேறொரு குளிசையையும் சேர்த்து எழுதினார்.

செப்டெம்பரில் அதே கணுக்களை மீண்டும் பார்த்தபோது சிவப்பு பெரிதும் அடங்கியிருந்தது. மாரியாயி இன்றும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார்.

அம்மையார் பேசியதைவிடக் காட்டியதே அதிகம். நோயாளி தம் கண்ணால் பார்க்காத எதையும் நம்பும்படி அவர் கேட்டதில்லை. அவருக்கு என் இறுதி வணக்கம்.

இத்துடன் இணைக்கப்பட்டுள்ளவை:
(1) அம்மையாரின் நிழற்படம் ஒன்று. திருப்பி அனுப்பவும்.
(2) அதற்கென முத்திரை ஒட்டிய உறை.
(3) செவ்வந்திச் சரம் ஒன்று. நேற்று மாலை மாரியாயி தாமே, எவர் உதவியுமின்றி, நெருக்கமாகக் கட்டியது. வழியில் வாடியிருக்கும், ஆயினும் படத்துக்குச் சூட்டவும்.