நெஜமா, கதையா?

1978 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில், சாமையும் புளியும் கொள்முதல் செய்யும் கிடங்கில் நான் எழுத்தராக இருந்தேன். அன்று வந்த மூட்டை ஏழு. ஏழையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, ஒரு துப்பறியும் நாவலின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தேன்.

மலையில் எனக்குப் பொழுதுபோக்கு படிப்பு ஒன்றுதான். மாதம் ஒருமுறை திருப்பத்தூருக்கு இறங்கினால் பழைய புத்தகக் கடையில் கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவேன். சரித்திர நாவல், துப்பறியும் கதை, பயணக் கட்டுரை, ஜோதிடம், வீட்டு வைத்தியம், தேனீ வளர்ப்பு என்று வகை பார்த்ததில்லை. அன்றைய கணக்குக்கு 318 புத்தகங்கள். எதைப் பற்றிக் கேட்டாலும் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

கேட்பதற்கு ஒரே ஒருவர் இருந்தார். கிடங்கை அடுத்த நிலத்துக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் வந்து சாக்கு அடுக்கின் மேல் உட்காருவார். நான் சத்தமாகப் படிப்பேன். தொடங்கும் முன் தவறாமல் கேட்பார்.

"சார், இது நெஜமா, கதையா?"

"எதுவா இருந்தா உனக்கு இன்னாய்யா?"

"அப்படி இல்ல சார். நெஜம்னா வூட்ல போய்ச் சொல்லணும். கதைன்னா இங்கியே சிரிச்சிட்டுப் போய்டலாம்."

எனக்கு எரிச்சலாக வரும். நல்ல எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது என்று அவருக்கு ஒருநாள் பிரசங்கம்கூடச் செய்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி ஓடி வந்தார். அறுத்துப் போட்டிருந்த சாமைக் கட்டைத் தூக்கும்போது கணவரைப் பாம்பு கடித்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். வலது கணுக்காலுக்கு மேலே ரத்தம். பயந்திருந்தார், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. நான் தோளில் கிடந்த துண்டை அவர் முழங்காலுக்குக் கீழே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். இனிமேல் முறுக்க முடியாது என்னும் வரை முறுக்கி முடிச்சுப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தவர் கேட்டார்:

"சார், இந்தக் கட்டு நெஜமா, கதையா?"

இந்த நேரத்திலும் கேலியா என்று எனக்குக் கோபம் வந்தது. "நிஜம்தான்யா. புக்குல இருக்குது" என்றேன்.

கட்டியது மூன்று ஐம்பத்தைந்துக்கு. நாலரை மணி திருப்பத்தூர் பஸ்ஸில் மூவரும் ஏறினோம். சேற்றில் ஒரு வளைவில் சக்கரம் சிக்கி, அங்கேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது.

"காலு கறுத்துப் போவுது சார். கொஞ்சம் அவுத்து வுடட்டுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அவுத்தா வெசம் நெஞ்சுக்கு ஏறிடும். கையை எடும்மா."

மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை முடிச்சில் விரல் வைத்தபோது அவர் கையைத் தட்டிவிட்டேன். "படிச்சவரு சொல்றாரில்ல, சும்மா இரும்மா" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் எனக்குப் பரிந்து பேசினார்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் காயத்தைக் கழுவிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வரிசையா சின்னச் சின்னதா எத்தனை பல்லு பாருங்க. நல்ல பாம்பு, விரியன்னா பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோதான் பதியும். இவருக்கு விஷமே ஏறல. இந்தக் கட்டு யார் போட்டது?"

மூட்டையை எண்ணுகிறவன், பக்கத்தை எண்ணுகிறவன், அதை மட்டும் எண்ணவில்லை. இப்போது எண்ணினேன். பதினொன்று.

ஆறாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பாம்பு செய்யாததை என் துண்டு செய்தது.

திரும்பி வந்து புத்தகங்களை எல்லாம் இறக்கினேன். எந்தப் புத்தகத்தில் படித்தோம் என்று தேட ஒன்பது நாள் ஆயிற்று. துப்பறியும் நாவல் ஒன்றில், அறுபத்து மூன்றாம் பக்கம். துப்பறிகிறவன் நண்பனின் காலை இறுக்கிக் கட்டுகிறான். அடுத்த அத்தியாயத்தில் நண்பன் உட்கார்ந்து காபி குடிக்கிறான். அதே அலமாரியில் வீட்டு வைத்தியப் புத்தகமும் இருந்தது. இருபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகிக் கிடந்தது. சுவையில்லை என்று அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பல்தடத்தை எப்படிப் பார்ப்பது என்று படமே போட்டிருந்தது. கட்டை அடிக்கடி தளர்த்தச் சொல்லியும் இருந்தது. படித்ததெல்லாம் எனக்கு நினைவிலிருந்தது, எது எந்த அட்டைக்குள் இருந்தது என்பதைத் தவிர.

தை மாதம் ஒரு சாயங்காலம் அவர் கக்கத்தில் ஊன்றுகட்டை வைத்துக்கொண்டு வந்தார். பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

"படிங்க சார்."

கையில் எடுத்த புத்தகத்தைப் பிரித்துவிட்டு அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன், "இது கதை."

"தெரியும் சார்" என்றார். சிரிக்கவில்லை. அரைப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் நிலத்தில் வேறு ஆட்கள் அறுத்தார்கள்.

எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. அதற்காக ஒன்றும் வருந்தவில்லை. பேரப்பிள்ளைகள் எதையாவது படித்துவிட்டு வந்து சொன்னால் நான் முதலில் கேட்பது அவருடைய கேள்வியைத்தான். அவர்களுக்கும் எரிச்சல் வருகிறது. அன்றைய செலவை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது மூன்று டிக்கெட், வரும்போது என்னுடையது ஒன்று, ஆக நான்கு, தலா இரண்டே முக்கால் வீதம் பதினொரு ரூபாய். துண்டு நான்கரை ரூபாய். அவர் ஒரு காலைக் கொடுத்த அந்த விஷயத்தில் எனக்கு ஆன மொத்தச் செலவு பதினைந்து ரூபாய் ஐம்பது பைசா.