அண்ணனும் தம்பியும் மாற்றி உழுத காடு

வங்கியில் என்னை அடமானப் பிரிவுக்கு மாற்றியபோது, அந்த மகிழ்ச்சியில் மனைவிக்குக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கினேன். அதுவரை கவுண்டரில் இருந்தேன். கவுண்டரில் தவறு செய்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். குறைந்த காசை நாமே கட்டுவோம். அடமான வேலையில் தவறு தெரிய வருஷங்கள் ஆகும், அதை வேறு யாரோ கட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானல் கடைத்தெருவில் பூண்டு மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் என் புது நாற்காலியைப் பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் காசு எண்ணுனீங்க. இனிமே மலைய எண்ணப் போறீங்களாக்கும். எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க தம்பி" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

நான் நேரில் பார்த்த முதல் நிலங்களில் ஒன்று கிளாவரையில் இருந்தது. பாதி தூரம் காய்கறி லாரி, மீதி நடை. அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பன் விட்டுப்போன காடு. குடும்பம் பெருத்துவிட்டதால் தனியாக வீடு கட்டத் தம்பி கடன் கேட்டிருந்தார். ஓடையை ஒட்டிய கீழ்க்காடு சமமாக, கறுப்பு மண்ணாக இருந்தது. மேல்காடு சரிவு, கல். நான் போனது சித்திரை மாதம்.

"இதுல உங்க பங்கு எது?" என்று தம்பியைக் கேட்டேன்.

"இந்த வருஷம் கீழ்க்காடுங்க. வர்ற வருஷம் மேல்காடு. மாத்தி மாத்தி உழுவோமுங்க."

அண்ணன் விளக்கினார். "மார்கழி தையில பனி கீழ எறங்கித் தங்கிருமுங்க. கெழங்குச் செடி வெந்நி ஊத்துனாப்புல கருகிப் போயிரும். மேல அவ்வளவு தங்காது. ஒருத்தனே வருஷா வருஷம் நட்டப்பட்டா நல்லாவா இருக்கும்? எங்க ஐயா காலத்துலருந்து இப்பிடித்தான்."

"நடக்கிற நிலத்துக்கு வங்கி கடன் கொடுக்காது" என்றேன். நல்ல வேடிக்கை சொல்லிவிட்டதாக நினைப்பு.

அண்ணன் மனைவி சாணம் அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நெலம் எங்கயும் போகலைங்க. நாங்கதான் நடக்குறோம்."

அந்தப் பதில் எனக்கு அன்று உறைக்கவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொன்னேன். மதிப்பு கூடுதல், கடனும் கூடுதலாகக் கிடைக்கும் என்று கீழ்க்காட்டைத் தம்பி பெயருக்கு எழுதவைத்தவன் நான்தான். தம்பி தகரக்கூரை போட்டு வீடு கட்டினார்.

மறு ஆண்டு மேற்பார்வைக்குப் போனேன். மேல்காட்டில் தம்பி களை வெட்டிக்கொண்டிருந்தார். கீழ்க்காட்டில் அண்ணன் விதைத்திருந்தார். அவர் அன்று ஊரில் இல்லை.

"பத்திரம் அது பாட்டுக்குக் கெடக்குதுங்க. நாங்க எங்க சோலியப் பாக்குறோம்" என்று தம்பி சிரித்தார்.

அடமானம் வைத்த நிலத்தை அண்ணனிடம் விட்டால் முழுக் கடனையும் ஒரே நாளில் கேட்போம் என்றேன். விதியில் அப்படி இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. கவுண்டரைவிட்டு வந்த எனக்குக் கண்டிப்பைக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணன்ட்ட சொல்லாதீங்க ஐயா. அவரு முன்கோவக்காரரு, ஒங்ககிட்ட சண்டைக்கு வந்துருவாரு. என் வீடு போயிரும்."

அந்த அறுவடைக்குப் பிறகு தம்பி முறைப்படி கீழ்க்காட்டுக்கு இறங்கினார், அடுத்த ஆண்டு மேலே ஏறவில்லை. அண்ணன் கூப்பிட்டும் போகவில்லை, காரணமும் சொல்லவில்லை. பனி ஒவ்வோர் ஆண்டும் அவர் செடியைக் கருக்கியது. தவணைகள் நின்றன. ஏல அறிவிப்பைத் தயாரித்ததும் நான்தான்.

அண்ணன் வங்கிக்கு வந்தார். குளிரில் நடந்து வந்த கால்கள் வெடித்திருந்தன.

"அவன் பேருக்குப் பத்திரம் வந்ததும் என்னைய ஒதுக்கிட்டான். தண்ணியோரக் காடுன்னு ஆசை. போகட்டும். ஆனாலும் ஐயா சம்பாதிச்சதுங்க. என் மேல்காட்ட எடுத்துக்கிட்டு அவன் காட்ட விட்டுருங்க."

"அடமானத்தில் இருப்பது மேல்காடு இல்லையே" என்றேன். நான் சொன்னது அது ஒன்றுதான். ஆசையால் அல்ல, என் மிரட்டலால்தான் உங்கள் தம்பி ஏறி வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் ஆள் இருந்தார். ஏஜெண்ட் என்று நாங்கள் சொன்ன கிளை மேலாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. அண்ணன் கும்பிட்டுவிட்டுப் போனார். கீழ்க்காட்டைச் சமவெளிக்காரர் ஒருவர் ஏலம் எடுத்தார்.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு அடமானத்துக்காகப் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். பழம் பறிக்கும் ஆட்களில் ஒருவர் கூடையை இறக்கிவிட்டு வந்து கும்பிட்டார். தம்பி. தலை நரைத்திருந்தது. கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காடு போனது போகட்டுமுங்க. அண்ணன் என்கூடப் பேசுறதில்ல. நான் சொன்னா கத கட்டுறேங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லணும். மாத்தக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான்னு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிறேன், சொல்கிறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போனேன். கிளாவரைக்கு முந்திய ஊரில் வேலையை முடித்தேன். மழை வரும்போல் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். மழை வரவில்லை. அதன் பின்னும் இரண்டொரு முறை வாய்த்தது. பிறகு பதவி உயர்வுடன் மதுரைக்கு மாற்றல் வந்தது.

அண்ணன் இறந்துபோனதைப் பூண்டு ஏற்றி வந்த ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெரும்பாறையிலிருந்து தம்பி விடிவதற்குள் வந்துவிட்டாராம். சுடுகாடு வரை பின்னாலேயே நடந்தாராம். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றபோது, அண்ணன் மகன் குறுக்கே நின்று, "நீங்க வேண்டாம் சித்தப்பா" என்றானாம்.