போட்டோத்தாள் நுழையும் அளவு

எங்கள் அத்தானுக்குத் தெருவில் உம்மணாமூஞ்சி என்று பெயர். அவர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். ஸ்டூலில் வந்து உட்காருகிறவர்களிடம் நாள் முழுக்க அவர் சொல்வது ஒன்றுதான்: "பல்லு தெரியக் கூடாது." சட்டம் அப்படி என்று ஊரே நம்பியது. அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும்.

அதுவும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் பார்த்துப் பேசியபோதெல்லாம் மனிதர் உதட்டைப் பிரிக்கவே இல்லை. என் அக்காவும் பிரிக்கவில்லை. அவளுக்கும் அதே சந்து. இரண்டுக்கும் என்ன அடக்கம் என்று நாங்கள் புல்லரித்துப்போனோம். பிறகு ஒருநாள் அத்தான் குளியலறையில் வழுக்கி விழ, அக்கா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அவளுடைய சந்தைப் பார்த்த சந்தோஷத்தில் விழுந்தவரும் கிடந்தபடியே சிரித்தாராம். ஜாடிக்கேற்ற மூடி. ஆனால் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் இருவரும் துக்கம் விசாரிக்கப் போனவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

அவர்கள் மகளுக்குச் சந்து இரண்டு பக்கமிருந்தும் வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. அவளுக்கு அதில் வெட்கமே கிடையாது. சின்ன வயதில் அந்தச் சந்து வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி என் முகத்தை எத்தனையோ தடவை நனைத்திருக்கிறாள், கழுதை. அந்த வீட்டில் வாயைத் திறந்து சிரித்தது அவள் ஒருத்திதான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். குடும்பப் படத்தில் அப்பாவும் அம்மாவும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். சிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே? இந்த இரண்டு மேதாவிகளும், அப்படியானால் முதலில் பல்லைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு கட்டி, அவளுக்குத் தெரியாமல் பல் டாக்டரிடம் போய் ஆளுக்கொரு அலைனர் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் உறை அது. பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கும், சாப்பிடும்போது கழற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பரிசோதனை நடந்தது. அத்தான் போட்டோத்தாளில் ஒரு துண்டு வெட்டி இரண்டு பேர் சந்திலும் விட்டுப் பார்ப்பார். நடுவில், எதையும் கொதிக்கவைத்தால்தான் சுத்தம் என்று நம்பும் என் அக்கா, அவருடைய உறையைக் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டாள். அது கோணிக்கொண்டது. அதையே மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்துப் பார்த்து, அன்றைக்கு எடுத்த படத்திலெல்லாம் ஒருவர் விடாமல் வாய் கோணியிருந்தார்கள். பிறகு புது உறை வந்தது. ஒருவழியாகத் தாள் நுழையாத நாளும் வந்தது.

அன்று மகள் எதிரே இருவரும் ஜோடியாக நின்று "ஈ" என்றார்கள். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லாயிருக்கு என்றாள். பிறகு சிரித்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

ஸ்டூடியோவில் மூவரும் நின்று ஒரு ஒத்திகைப் படம் எடுத்தார்கள். அத்தான் அதைக் கணினியில் பெரிதாக்கினார். இரண்டு பக்கமும் பளீரென்று பல்வரிசை. நடுவில் மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா வாயை மூடிக்கிட்டே?"

"இப்ப எனக்கு மட்டும்தானேப்பா சந்து இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் நான் யாரோ மாதிரி இருக்கேன்."

அந்த உதடு யாருடைய உதடு என்று அத்தானுக்குத் தெரியாதா என்ன.

மறுநாளே டாக்டரிடம் போய் நின்றார். கூடவே நானும் போனேன். பல் சேர்ந்த பிறகும் இரவில் உறை போட்டுக்கொள்ளாவிட்டால் பழையபடி விலகிவிடும் என்று அந்த டாக்டர் ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார்.

"கல்யாணத்துக்குள்ள விலகிடுமா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு விலக வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். அத்தான் சட்டைப்பையிலிருந்து போட்டோத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது நுழையணும்."

காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்டு, அதை எடுக்க அலைந்த கதைதான். உறைகள் பரண்மேல் ஏறின. மறுபடி ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை. அக்காவுக்கு முதலில் விலகிவிட்டது. அத்தானுக்குப் பொறாமை தாங்கவில்லை. பேப்பர் படிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நாக்கால் பல்லை முட்டிக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்தன்று காலை மகள் அலங்காரத்தில் இருந்தாள். அத்தான் அவள் முன்னால் போய் நின்று, தாளைக் கையில் கொடுத்து, வாயைத் திறந்து காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் அக்காவும் வாயைத் திறந்தாள். அப்போது புரிந்தது. தாளை அப்பாவின் பல்லுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினாள். பாதி போய் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் நுழைந்தது.

படம் இப்போது ஸ்டூடியோ சுவரில் தொங்குகிறது. மூன்று வாயும் திறந்திருக்கிறது. அத்தான் பல்லில் இருந்து அந்தத் தாளை எடுக்க அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.