பைப் திரும்பிய பக்கம்

"மோட்டார் ஓடுது, ஆனா தண்ணி பத்தலை." சர்வீஸ் ஆட்களுக்குப் பிடிக்காத புகார் இதுதான். ஓடாத மோட்டாரைச் சரி செய்துவிடலாம். அரைகுறையாக ஓடுவதுதான் மண்டையைக் குடையும்.

துடியலூரில் ஒரு பம்ப் கம்பெனியில் நான் பதினெட்டு வருடம் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தபின், கோபி ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்தப் புகார் வந்தது. போர்வெல்லில் எங்கள் சப்மெர்சிபிள், தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஓடும் மோட்டார். வாழை தார் விட்டு நிற்கிறது, தண்ணீர் பாதிதான் ஏறுகிறது. வோல்டேஜ் சரி, கேபிள் சரி, மூன்று பேஸும் வருகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதபோது பழியை நிலத்தடி நீர்மேல் போடுவது எங்கள் வழக்கம். அது எதிர்த்துப் பேசாது.

"ஊத்து கொறஞ்சு போச்சுங்க. வேற போர் போட்டாத்தான் ஆகும்" என்றேன். தோட்டக்காரர் முகம் வாடி, போர் போடும் ரிக் வண்டிக்கு போன் செய்யப் போனார். அவர் மனைவி சரஸ்வதியக்கா நகரவில்லை.

"ஏனுங்க தம்பி, ஸ்விட்ச் போட்டா இந்தப் பைப்பு எப்பவும் ஊட்டுப் பக்கம் ஒரு வெட்டு வெட்டும். நாலு நாளா காட்டுப் பக்கம் வெட்டுது. அது ஏனுங்க?"

"அது சும்மா ஆடுதுங்கக்கா."

"சும்மா ஆடுனா ரெண்டு பக்கமும் ஆடோணுமில்லீங்க?"

எரிச்சலாக வந்தது. பதில் தெரியாத எரிச்சல். "நாலு நாளைக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கம்பத்துல ஒயர் மாத்துனாங்க."

பேனலில் இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றி ஸ்டார்ட் செய்தேன். பைப் வீட்டுப் பக்கம் வெட்டியது. தொட்டியில் தண்ணீர் பழையபடி கொட்டியது. கம்பத்தில் வயர் இடம் மாறியதால் நாலு நாளாக மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. ரிக் வண்டி வேண்டாம் என்று சொல்ல அக்கா ஓடினார். திரும்பி வந்து கேட்டார்:

"திருப்பிச் சுத்துனா தண்ணி கீழயில்லீங்க போகோணும்? பாதியாச்சும் எப்படி மேல வந்துச்சு?"

"தெரியலீங்கக்கா" என்றேன். வெட்கமாக இருந்தது.

கம்பெனி ஷெட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பம்பைக் கழற்றி, உள்ளே சுற்றும் சக்கரமான இம்பெல்லரைக் கையில் சுற்றிப் பார்த்தேன். அது தண்ணீரை மேலே தள்ளுவதில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு வீசுகிறது; வீசின தண்ணீருக்குப் பைப்பில் மேலே ஏறுவதுதான் வழி. எந்தப் பக்கம் சுற்றினாலும் வீசும், மாற்றிச் சுற்றினால் வலு குறையும். மறுநாள் பெருமையாக அக்காவுக்கு போன் செய்து அதைச் சொன்னேன்.

"ஆமாங்க தம்பி, காலைல மோர் கடையறப்பத்தான் பார்த்தேன். மத்து எந்தப் பக்கம் சுத்துனாலும் வெளியதானுங்க தெறிக்குது. ஆனா இன்னொண்ணு புரியலீங்க. பைப்பு வெட்டற பக்கமேதான் மோட்டாரும் சுத்துமுங்களா, இல்ல எதுத்த பக்கமா?"

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட்டில் ஊற்று இல்லை என்று எழுதுமுன், கஸ்டமரின் கேள்விக்குப் பதில் தெரியுமா என்று பாருங்கள்.

அன்று எனக்குத் தெரியவில்லை. "பார்த்துட்டுச் சொல்றனுங்கக்கா" என்று மறுபடி ஷெட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வெட்கமாக இல்லை.