பக்கத்து இருக்கையில் ஒரு சர்வதேசச் சிக்கல்

பஸ்ஸில் பக்கத்தில் யார் இருந்தாலும் பாடம் எடுக்கும் மடையன் நான். பல்கலைக்கழகத்தில் நவீன சர்வதேச உறவுகளின் வரலாறு படிப்பதால் வந்த வியாதி.

நானாட்டானில் ஏறிய ஒல்லியான அக்கா அப்படித்தான் அகப்பட்டார். மடியில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைத் திறந்து, கடதாசிகள் இருக்கின்றனவா என்று பார்த்து மூடுவார்.

"எங்க போறீங்கள் அக்கா?"

"மன்னார் கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோரில ஒரு அலுவல். நான் இந்தியாவில அகதி முகாமில பிறந்தனான். இன்னும் குடியுரிமை கிடைக்கேல்ல."

"பயப்பிடாதேங்கோ. ஒருத்தரும் நாடில்லாமல் இருக்கக் கூடாதெண்டு உலக நாடுகள் ஒப்பந்தமே எழுதி வைச்சிருக்கு."

"அங்க என்னை இலங்கைக்காரி எண்டாங்கள். இங்க அப்பாவின்ர பிறப்புப் பத்திரம் கேக்கிறாங்கள். அது வீட்டோட எரிஞ்சு போச்சு. அடையாள அட்டை இல்லாமல் ஒருத்தரும் வேலை தாறாங்களில்லை, தம்பி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடற்றவர்கள் என்றால் எங்கோ ஐரோப்பாவில் பழைய படங்களில் நிற்பவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். இவர் என் தோளில் இடித்தபடி இருக்கிறார்.

வாய் சும்மா இருக்குமா?

"நான் இதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கத்தில கட்டுரை எழுதியிருக்கிறன் அக்கா."

"அப்ப அதில ஒரு போட்டோ கொப்பி தாங்கோ, கந்தோரில குடுத்துப் பாப்பம்."